.308 கூட்டிலிருந்து 7 மி.மீ.-08, .30-06 கூட்டிலிருந்து 7×57: பித்தளை எங்கே நகர்கிறது

உரிமத்துடன் நான் வைத்திருக்கும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று 7 மி.மீ.-08 ரெமிங்டன் தோட்டாவுக்கானது, மற்றொன்று 7×57 தோட்டாவுக்கான பழைய மவுசர். இவை இரண்டுக்கும் வெற்றுப் பித்தளைக் கூடுகள், அதாவது வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் தோட்டாவின் உறைகள், எளிதில் கிடைப்பதில்லை. ஆனால், ஒருமுறை சுடப்பட்ட .308 வின்செஸ்டர் கூடுகளும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் கூடுகளும் வேண்டிய அளவு சேர்ந்திருந்தன. அவற்றில் அறுபது .308 கூடுகளையும் நாற்பது .30-06 கூடுகளையும் எடுத்து, எனக்குத் தேவையான இரண்டு வடிவங்களுக்கும் மாற்றிய வேலையின் பதிவு இது. வெற்றுக் கூடு சரியான வடிவத்துக்கு வந்து சேரும் வரைதான் இங்கே எழுதுகிறேன். வெடிமருந்தின் வகையும் அளவும் வெளியிடப்பட்ட கையேடுகளிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டியவை. தோட்டாவை மறுநிரப்பு செய்ய உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த மாற்றம் கைகூடுவதற்குக் காரணம், இவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே அடிப்பகுதியைக் கொண்ட குடும்பம் என்பதுதான். 1892-இல் உருவான 7×57 மவுசருக்கும், 1906-இல் வந்த .30-06-க்கும், 1952-இல் சந்தைக்கு வந்த .308-க்கும், அதன் கழுத்தை மட்டும் மாற்றிப் பிறந்த .243 வின்செஸ்டர் (1955), 7 மி.மீ.-08 (1980), .260 ரெமிங்டன் (1997) ஆகியவற்றுக்கும் விளிம்பின் விட்டம் 12.01 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. குண்டைப் பிடிக்கும் கழுத்து, அதற்குக் கீழே சரிந்து விரியும் தோள், கூட்டின் நீளம் ஆகிய மூன்றையும் கையால் மாற்றிவிடலாம். தடித்த அடிப்பகுதியை மாற்ற முடியாது. 6.5×55 ஸ்வீடிஷ் தோற்றத்தில் இவற்றோடு ஒத்திருந்தாலும், அதன் விளிம்பு 12.2 மி.மீ. என்பதால் .30-06 கூட்டிலிருந்து அதைச் செய்வது எனக்கு உடன்பாடானதல்ல. அடிப்பகுதி, குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் இடமான வெடியறைக்குள் தளர்வாக அமரும். சுடும்போது விரிந்து அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய சுமை, உலோகம் மிகவும் இறுகியிருக்கும் இடத்தின் மேல் விழும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர், டை என்னும் அச்சுக்குள் கூட்டைச் செலுத்தினால் வடிவம் மாறிவிடும், அதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவார். முதல் சில கூடுகளில் நானும் அப்படித்தான் எண்ணினேன். உண்மையில் வடிவம் மட்டும் தனியாக மாறுவதில்லை; பித்தளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. குறுகிய இடத்தில் தடிக்கிறது, விரிந்த இடத்தில் மெலிகிறது, மீதி நீளமாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் அது எங்கே போயிற்று என்று அளந்து பார்ப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

ஆகவே, கூட்டைத் தொடும் முன் வெடியறையை அளந்தேன். இதற்குச் செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை பயன்படுகிறது. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்த இக்கலவை 71 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால், சுடுநீரில் அமர்த்திய பாத்திரத்திலேயே அதை உருக்கலாம். குழலுக்குள் வழிந்துவிடாதபடி வெடியறைக்குச் சற்று முன்னால் துணியை அடைத்து, உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விட்டு, கலவையை ஊற்றினேன். உறைந்த வார்ப்பு முதல் அரை மணி நேரத்தில் சற்றுச் சுருங்கும். அந்த வேளையில்தான் அது சிரமமின்றி வெளியே வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனதும் வெடியறையின் உண்மையான அளவுக்குத் திரும்பி, பிறகு மெல்ல மெல்லப் பெருக்கத் தொடங்கும். ஆதலால் ஒரு மணி நேரக் கணக்கில் அளந்துவிட வேண்டும். மறுநாள் அளப்பது பிழையாகும். கலவையில் ஈயமும் காட்மியமும் இருப்பதால், காற்றோட்டமான இடத்தில் கையுறையுடன் வேலை செய்ய வேண்டும், நேரடித் தீயில் காய்ச்சக் கூடாது. என் 7 மி.மீ.-08 துப்பாக்கியின் வெடியறைக் கழுத்து 8.05 மி.மீ. என்றும், மவுசரின் கழுத்து 8.36 மி.மீ. என்றும் வந்தன. இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி மேசையின் முன்னே ஒட்டி வைத்தேன். பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் அவையே எல்லை.

கூடுகளைத் தேர்ந்தெடுப்பதில் விதி ஒன்றே: ஒரே தயாரிப்பு, ஒரே தடவை சுடப்பட்டவை. பல வகைக் கூடுகள் கலந்திருந்தால் கழுத்துச் சுவரின் தடிமன் ஒன்றுக்கொன்று வேறுபடும், அதன்பின் எந்த அளவும் பொருள்படாது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் விட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவரை வருடிப் பார்த்தேன். அங்கே பள்ளம் தட்டுப்பட்டால், அந்தக் கூடு நீண்டு மெலிந்து இரண்டாகப் பிரியும் நிலையை நெருங்கிவிட்டது என்று பொருள். அப்படி மூன்று கூடுகள் ஒதுக்கப்பட்டன. கழுவுதல், உலர்த்துதல், அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரை அகற்றுதல் ஆகியவை வழக்கமான வேலைகள்.

.308 கூட்டை 7 மி.மீ.-08 ஆக்குவது எளிய வேலை என்றே பலரும் சொல்வார்கள். டைக்குள் ஒருமுறை செலுத்தினாலே கழுத்து குறுகிவிடும்; இரண்டின் தோள் கோணமும் 20 டிகிரி, அடியிலிருந்து தோள் வரையான அளவும் ஒன்றே. ஆனால் எளிய வேலை என்பதாலேயே இதில் ஒரு பிழை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. .308-இன் குண்டு 7.82 மி.மீ. விட்டமுடையது, 7 மி.மீ.-08-இன் குண்டு 7.21 மி.மீ. கழுத்து இவ்வளவு குறுகும்போது, அங்கிருந்த பித்தளை கரைந்துபோவதில்லை. என் கூடுகளில் கழுத்துச் சுவர் முதலில் 0.38 மி.மீ. தடிமன் இருந்தது, டையிலிருந்து வெளிவந்தபின் 0.40 மி.மீ. ஆயிற்று. கூட்டின் நீளம் 50.95 மி.மீ.-இலிருந்து 51.15 மி.மீ.-க்கு ஏறியது. 7 மி.மீ.-08-க்கான உச்ச நீளம் 51.69 மி.மீ. என்பதால், நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை. வாயை மட்டும் சமமாக்கிப் பிசிர் நீக்கினால் போதும்.

தடிமன் கதை வேறு. இரண்டு பக்கச் சுவர்களும் சேர்ந்து 0.80 மி.மீ., குண்டு 7.21 மி.மீ.; ஆக, நிறைந்த தோட்டாவின் கழுத்து 8.01 மி.மீ. இந்தத் தோட்டாவுக்குத் தரநிலை வகுத்திருக்கும் உச்ச அளவோ 8.00 மி.மீ. என் வெடியறைக் கழுத்து 8.05 மி.மீ. என்பதால் மிஞ்சிய இடைவெளி 0.04 மி.மீ. மட்டுமே. கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க அந்த இடைவெளி வேண்டும். அது போதாவிட்டால், கழுத்து வெடியறைச் சுவருக்கும் குண்டுக்கும் இடையே நெரிபட்டுக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் அபாயகரமாக உயரும். வெளியிலிருந்து பார்த்தால் அத்தகைய தோட்டாவில் எந்தக் குறையும் தெரியாது. வெடியறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டும் தடையின்றிப் பூட்டிக்கொள்ளும். வார்ப்பு எடுக்காமலும் கழுத்தை அளக்காமலும் இந்த மாற்றத்தைச் செய்பவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஆகவே அந்த அறுபதில் தேறியவற்றின் கழுத்தை வெளிப்புறமாகக் கடைசல் பிடித்தேன். கழுத்துக்குள் சரியாக அமரும் இரும்புத் தண்டின் மேல் கூட்டைச் செருகி, சிறிய வெட்டுமுனை சுற்றிவரும்படி கையால் திருப்பும் கருவி அது. ஒரே ஓட்டத்தில் முழு அளவையும் எடுக்க முனைந்தால் தண்டு சூடேறி அளவு நழுவுகிறது. அதனால் இரண்டு ஓட்டங்களாகச் சுவரை 0.37 மி.மீ.-க்குக் கொண்டுவந்தேன். வெட்டுமுனை தோளை இலேசாகத் தொட்டதும் நிறுத்த வேண்டும்; தோளுக்குள் ஆழமாக வெட்டினால் கழுத்து அந்த இடத்திலேயே அறுந்துவிடும். சுவரின் தடிமனை அளக்க வெர்னியர் காலிப்பர் போதாது, ஏனென்றால் அதன் தட்டையான தாடை வளைந்த உட்புறத்தில் முழுமையாகப் பொருந்தாது. உருண்டை முனை கொண்ட மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு கழுத்தையும் நான்கு இடங்களில் அளந்தேன். நிறைந்த கழுத்தின் கணக்கு இப்போது 7.95 மி.மீ., இடைவெளி 0.10 மி.மீ.

.30-06-ஐ 7×57 ஆக்குவது உண்மையிலேயே கடினமான வேலை. 63.35 மி.மீ. நீளக் கூட்டை 57 மி.மீ.-க்குக் குறைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் தோளும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் கீழே இறங்க வேண்டும். பழைய உடலின் மேற்பகுதியாக இருந்த பித்தளைதான் புதிய கழுத்தின் அடியாக மாறுகிறது. உடலின் சுவர் கழுத்தின் சுவரை விடத் தடித்தது. அது குறுகும்போது மேலும் தடிக்கிறது. இதை ஒரே படியில் செய்ய முயன்றால் தோள் சுருங்கி நெளிந்துவிடும். எனவே முதலில் கழுத்தையும் தோளையும் காய்ச்சி இளக்கி, பிறகு உருமாற்ற டைக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, டையின் மேலே நீட்டிக்கொண்டிருந்த மிகுதியை நுண்பல் வாளால் அறுத்து, அரத்தால் சமன்செய்து, கடைசியில் நீளத்தை வெட்டிக் குறைக்கும் ட்ரிம்மரில் 56.6 மி.மீ.-க்குக் கொண்டுவந்தேன்.

மசகு பற்றி இரண்டு நாள் பாடம் கிடைத்தது. லனோலின் மசகை அதிகம் பூசினால், அது தோளுக்கும் டைக்கும் இடையே சிக்கி, போக வழியின்றித் தோளில் குழிகளை அழுத்திவிடுகிறது. இதற்கு அஞ்சி மறுநாள் மிகவும் மெல்லியதாகத் துடைத்துப் பூசியபோது, எட்டாவது கூடு டைக்குள் இறுகிக்கொண்டது; கூட்டை டைக்குள் தள்ளும் பிரஸின் கைப்பிடியை இழுத்ததில் கூட்டின் விளிம்பு பிய்ந்துவந்தது. டையின் நடுத்தண்டைத் தளர்த்தி மேலே ஏற்றிவிட்டு, பிரைமர் குழியின் வழியாகத் துளையிட்டு, கால் அங்குல மரை வெட்டி, ஒரு புஷ்ஷை அணைகொடுத்துத் திருகாணியால் மெல்ல இழுத்து அதை வெளியே எடுத்தேன். அரை நாள் அதிலேயே கழிந்தது. இவ்வழியைக் கையாளுபவர் பிரைமர் முன்பே அகற்றப்பட்ட கூடுதானா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் உடலுக்குச் சீரான மெல்லிய பூச்சும், தோளுக்கு விரலில் எஞ்சிய ஈரம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

புதிய கழுத்தை அளந்தபோது வாய் 0.40 மி.மீ., அடி 0.56 மி.மீ. வெளிப்புறம் நேராக இருக்கும்போது, மிகுந்த தடிமன் முழுவதும் உட்புறத்தில் ஒரு வளையமாகத் திரண்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் இதை டோனட் என்று சொல்வார்கள். குண்டைச் செருகும்போது அது அந்த வளையத்தை வெளியே தள்ளுகிறது. அப்போது கழுத்தின் அடி 8.33 மி.மீ., வெடியறையோ 8.36 மி.மீ. இந்த இடைவெளியில் சுடுவதை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன். வெளியே மட்டும் கடைந்தால் வளையம் உள்ளேயே இருந்துவிடும் என்பதால், கூட்டை டைக்குள் அசையாதபடி பிடித்துக்கொண்டு முதலில் உட்புறத்தைத் துளை சீராக்கும் ரீமரால் வழித்தேன். பிறகுதான் வெளிப்புறக் கடைசல். இந்த வரிசை மாறக் கூடாது. தண்டு நேராக அமர்வதற்கு உட்புறம் நேராக இருந்தாக வேண்டும்.

தோளை எவ்வளவு கீழே தள்ளுவது என்பதில்தான் கூட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது. டையை முழுவதும் இறக்கி ஒரே அடியில் தள்ளிவிட்டால், தோள் வேண்டியதை விடக் கீழே போய்விடும். அத்தகைய கூடு வெடியறைக்குள் முன்பின்னாக ஆடும். சுடும்போது முன்பகுதி சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கி இழுபட்டு, நான் கம்பியால் தேடிய அந்தப் பள்ளம் உண்டாகும். ஆகவே டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கி இறக்கி, ஒவ்வொரு முறையும் வெற்றுக் கூட்டைத் துப்பாக்கியில் இட்டு, போல்ட் இலேசான தடையுடன் பூட்டிக்கொள்ளும் நிலையில் டையைப் பூட்டிவைத்தேன். நாற்பதில் ஆறு கூடுகளை அவசரத்தால் இந்தப் படியில்தான் இழந்தேன். அவற்றைத் திரும்ப இழுத்து நீட்ட வழியில்லை.

காய்ச்சி இளக்குவதைப் பற்றி, அதாவது அனீலிங் பற்றி, நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்டது. இதை அமுக்கியும் இழுத்தும் வேலை செய்யச் செய்ய, அது இறுகி, முறியும் இயல்பை அடைகிறது. சூடு காட்டினால் மீண்டும் இளகுகிறது. கழுத்தும் தோளும் மட்டுமே இளக வேண்டும். அடிப்பகுதி இளகிவிட்டால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது. அதைத் திரும்ப இறுக்கவும் நம்மால் இயலாது. கூட்டைச் சுழற்றிக்கொண்டே கழுத்தில் சில நொடிகள் மட்டும் தீ படவிட்டேன். கழுத்தின் உட்புறத்தில் 399 டிகிரியில் உருகும் வெப்பங்காட்டிப் பூச்சையும், உடலின் நடுப்பகுதியில் 246 டிகிரிக்கான பூச்சையும் தடவி, முதலாவது உருகி, இரண்டாவது உருகாமல் இருக்கும் நேரத்தைச் சில பழைய கூடுகளில் சோதித்துக் கண்டுகொண்டேன். நிறத்தை மட்டும் நம்பிச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அறையின் வெளிச்சத்தைப் பொறுத்துக் கண் ஏமாறும். சூடான கூட்டை நீரில் போட்டால் பித்தளை இறுகும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது எஃகின் குணம். பித்தளைக்கு நீர் தருவது ஒன்றே: சூடு அடிப்பகுதிக்குப் பரவுவதைத் தடுப்பது.

இந்தப் படியைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடமே சான்று இருக்கிறது. இதற்கு முன்பு செய்த ஒரு தொகுதியில் பன்னிரண்டு கூடுகளை உருமாற்றியபின் இளக்காமல், அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தால் பளபளப்பாக்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது, ஒருமுறை கூடச் சுடப்படாத நிலையிலேயே ஐந்து கூடுகளின் கழுத்து நீளவாக்கில் வெடித்திருந்தது. இது புதிய நோய் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட படைத் தோட்டாக்களின் கூடுகள் இப்படித்தான் வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், இழுத்துச் செய்த பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையான உட்தகைவும் சேர்ந்தே வெடிப்பை உண்டாக்குகின்றன என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். கழுத்தைக் குறுக்கும்போது நாம் ஏற்றுவதும் அதே உட்தகைவுதான். இப்போது உருமாற்றம் முடிந்தபின் எல்லாக் கூடுகளையும் ஒருமுறை இளக்குகிறேன். அம்மோனியா உள்ள எந்தத் திரவத்தையும் பித்தளையின் அருகே கொண்டுவருவதில்லை.

கடைசியாக, அடியிலுள்ள முத்திரை. உருமாறிய கூட்டின் அடியில் இன்னமும் .308 என்றும் .30-06 என்றும்தான் எழுதியிருக்கும். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசாகக் கிடைத்த புகழ்பெற்ற துப்பாக்கியின் .275 ரிக்பி தோட்டா, பெயரில் வேறாக இருந்தாலும் வடிவில் 7×57-தான். அங்கே பெயர் இரண்டு, வடிவம் ஒன்று. நம் மேசையில் பெயர் ஒன்று, வடிவம் இரண்டு. ஆபத்து இங்கேதான் அதிகம். நான் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அழியாத மையால் குறியிட்டு, தனிப் பெட்டியில் வைத்து, பெட்டியின் மேலும் உள்ளும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைக் கூடு மட்டுமே இருக்கும். அதோடு, மவுசர் கூடுகளின் சுவர் தடித்திருப்பதால் உள்கொள்ளளவு குறைந்திருக்குமோ என்று பார்க்க, ஐந்து கூடுகளைச் சுடப்பட்ட பிரைமருடன் வெறுமையாகவும் நீர் நிரப்பியும் எடைபோட்டேன். தொழிற்சாலையில் செய்த 7×57 கூட்டை விட நீர் குறைவாகவே பிடித்தது. கொள்ளளவு குறைந்தால், அதே அளவு மருந்து அதிக அழுத்தம் தரும். எனவே இந்தத் தொகுதி, கையேடு கூறும் தொடக்க அளவிலிருந்தே தனியாகச் சோதிக்கப்பட வேண்டியது என்று சீட்டில் எழுதிவைத்தேன்.

7 மி.மீ.-08-இல் ஐம்பத்தெட்டும், மவுசரில் முப்பத்தொன்றும் தேறின. தேறாதவற்றின் வாயைக் குறடால் நசுக்கி, பழைய பித்தளை டப்பாவில் போட்டேன். நசுக்காமல் போட்டால் என்றாவது ஒருநாள் யாராவது அவற்றை நல்ல கூடு என்று எண்ணி எடுத்துவிடக் கூடும்.